இரண்டு டிஸ்க் இருந்தால் பேக்கப் ஆகிவிடுமா? வீட்டு சர்வர் கேள்வி – பதில்

கேள்வி: சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் நிறுவி, குடும்பப் படங்களைச் சேமிக்கும் சர்வராக்க நினைக்கிறேன். அது தாங்குமா, புதிதாக வாங்க வேண்டுமா?

பதில்: லேப்டாப்பே போதும். வீட்டிலுள்ள நான்கைந்து பேருக்குக் கோப்புகளை எடுத்துத் தரும் வேலைக்கு வேகமான செயலி தேவையில்லை. இரவும் பகலும் ஓடும் கருவியில் கவனிக்க வேண்டியது மின்செலவைத்தான். 10 வாட் எடுக்கும் லேப்டாப் ஆண்டு முழுவதும் ஓடினால் சுமார் 88 யூனிட் ஆகும். 60 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப்பை அதே வேலைக்கு வைத்தால் 526 யூனிட் ஆகிவிடும். மின்சாரம் போனாலும் பேட்டரி சிறிது நேரம் தாங்கும். ஆனால் அந்தப் பேட்டரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, சமமான மேசையில் வைக்கும்போது லேப்டாப் ஆடினாலோ, பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அப்படியானால், விவரம் தெரிந்தவரைக் கொண்டு அதை அகற்றும்வரை இயக்காதீர்கள்.

கேள்வி: ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில நேரம் சர்வரின் ஐ.பி. முகவரி மாறிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: ரவுட்டரில், கருவிகளுக்கு ஐ.பி. முகவரி வழங்கும் டி.ஹெச்.சி.பி. பகுதியில், சர்வரின் மேக் அட்ரஸுக்கு (அதன் நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) நிரந்தரமாக ஓர் ஐ.பி. எண்ணை ஒதுக்கிவிடுங்கள். ரவுட்டரிடம் சொல்லாமல் சர்வரில் மட்டும் எண்ணைப் பதித்தால், அதே எண்ணை ரவுட்டர் ஒருநாள் யாருடைய கைபேசிக்காவது கொடுத்துவிடும். பிறகு இரண்டுமே சரியாக இயங்கா.

கேள்வி: ரவுட்டர், சர்வர், கணினி மூன்றிலும் கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) போர்ட் இருக்கிறது, கேபிளில்தான் இணைத்திருக்கிறேன். இருந்தும் நொடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டவில்லை. டிஸ்க் பழுதா?

பதில்: நீங்கள் குறிப்பிட்டிருக்கும் 11 என்ற எண்ணே விடையைச் சொல்லிவிடுகிறது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால், 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட், அதில் தகவல் தொடர்புக்கான கூடுதல் சுமை போக மிஞ்சுவது ஏறக்குறைய 11. ஆகவே டிஸ்கைச் சந்தேகிக்காமல் கேபிளைக் கையில் எடுங்கள். 100 மெகாபிட் இணைப்புக்கு நான்கு கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கோ எட்டும் வேண்டும். கிகாபிட்டுக்கு மட்டும் தேவைப்படும் மற்ற நான்கில் ஒரு கம்பி விட்டுப்போனால், இரு முனைகளும் பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் தராமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். எங்கள் வீட்டில் இதே கோளாறு வந்தபோது, கேபிளின் கண்ணாடி போன்ற முனையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏழு கம்பிகள் உலோகப் பற்கள் வரை வந்திருந்தன. பழுப்புக் கம்பி மட்டும் ஒரு மில்லிமீட்டர் முன்னதாகவே நின்றிருந்தது. புதிய முனை பொருத்தியதும் வேகம் 110 மெகாபைட்டுக்கு ஏறியது.

கேள்வி: வெளியூரிலிருந்து சர்வரைத் திறக்க, ரவுட்டரில் 22ஆம் போர்ட்டை (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.ஹெச். வாசல் எண்) திறந்துவிடச் சொல்கிறார் நண்பர். பாதுகாப்பானதா?

பதில்: வேண்டாம். இணையத்திலுள்ள முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் ஓடுகின்றன. அந்தப் போர்ட்டைத் திறந்தால், கடவுச்சொல்லை ஊகித்து நுழையும் முயற்சிகள் பதிவேட்டில் விரைவிலேயே வரிசையாக விழத் தொடங்கும். வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குக் குறியாக்கம் செய்த தனிவழி தரும் வயர்கார்டு வி.பி.என். வைத்துக்கொள்ளுங்கள். 2020இல் வந்த லினக்ஸ் கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) 5.6 முதல் அது கெர்னலிலேயே இடம்பெற்றிருக்கிறது. சரியான சாவி இல்லாமல் வரும் எந்தத் தரவுப் பொட்டலத்துக்கும் அது மறுமொழி அனுப்பாது என்பதால், தட்டிப் பார்ப்பவருக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. வழக்கமாக 51820 என்ற ஒரே யு.டி.பி. வகைப் போர்ட்டைத் திறந்தால் போதும்.

தொடங்கும் முன் ரவுட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொதுமுகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். அந்நிலையில் போர்ட்டைத் திறந்தும் பயன் இருக்காது. ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொதுமுகவரி தரக்கூடிய ஐ.பி.வி.6 கிடைக்கிறதா என்று கேளுங்கள். இல்லையேல், போர்ட்டைத் திறக்காமலே கருவிகளை இணைக்கும் டெய்ல்ஸ்கேல் போன்ற சேவையைப் பயன்படுத்தலாம்.

கேள்வி: ஒரே தரவை இரண்டு டிஸ்குகளிலும் ஒருசேர எழுதும் ரெய்டு 1 முறையில் இரண்டு டிஸ்குகள் போட்டிருக்கிறேன். இனி பேக்கப் தேவையில்லைதானே?

பதில்: கட்டாயம் தேவை. ஒரு டிஸ்க் செத்தாலும் சர்வர் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக வந்ததுதான் ரெய்டு. நீங்கள் ஒரு கோப்பை அழித்தால் அது இரண்டிலும் அழியும். வைரஸ் ஒன்று கோப்புகளைப் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். ஓரிரவு நான் அழிக்க வேண்டிய ஃபோல்டருக்குப் பதிலாக அதற்கு மேலிருந்த ஃபோல்டரை அழித்துவிட்டேன். இரண்டு டிஸ்குகளும் பழுதில்லாமல், சொன்னதைச் சொன்னபடி செய்து முடித்தன. அலமாரியில் கழற்றி வைத்திருந்த வெளி டிஸ்க் ஒன்றுதான் காப்பாற்றியது. அதுவும் இரண்டு வாரம் பழையது என்பதால், அந்த இரண்டு வாரப் படங்கள் திரும்பவே இல்லை.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒரு பிரதி வேறு கட்டடத்தில் என்பது பலரும் கடைப்பிடிக்கும் முறை. தீயோ வெள்ளமோ திருட்டோ வந்தால் வீட்டிலுள்ள எல்லாப் பிரதிகளும் சேர்ந்தே போகும் என்பதால், அந்த மூன்றாவதை உறவினர் வீட்டிலாவது வையுங்கள். மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஏதேனும் ஒரு படத்தை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பாருங்கள். பேக்கப்பைக் குறியாக்கம் செய்திருந்தால், அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும் இடத்தில் வைத்துவிடுங்கள். சர்வருக்குள் மட்டும் சேமித்திருந்தால், சர்வர் போகும் நாளில் அதுவும் போய்விடும்.