முதியோர் இல்லத்துல வேலை பாக்குறவங்க கேட்ட கை சுத்தம் கேள்விகள்

சிஸ்டர், டயப்பர் மாத்தும்போது க்ளவுஸ் போட்டுக்குறேன். அப்புறமும் ஏன் கை கழுவணும்?

க்ளவுஸ்ல கண்ணுக்கு தெரியாத ஓட்டை இருக்கலாம், கழட்டும்போது வெளிப்பக்கம் மணிக்கட்டுல பட்டுடும், அதனால கழட்டினதும் கழுவியே ஆகணும். ஆனா என் பயம் வேற. டயப்பர் மாத்துன அதே க்ளவுஸோட போர்வைய இழுத்து விட்டு, கட்டில் கம்பிய புடிச்சு, தண்ணி டம்ளர எடுத்து குடுத்துட்டு, அப்படியே அடுத்த கட்டிலுக்கும் போயிடுறாங்க, நானே எத்தனையோ தடவை பாத்திருக்கேன். அந்த க்ளவுஸ் உங்க கைய காப்பாத்துது, அடுத்த கட்டில்ல படுத்திருக்குற தாத்தாவ காப்பாத்தல. ஒரு ஆளுக்கு ஒரு ஜோடி. ஒரே ஆளுக்குன்னாலும் டயப்பர் முடிச்சிட்டு யூரின் ட்யூப தொடணும்னா க்ளவுஸ கழட்டி, கழுவிட்டு, புதுசு போடுங்க.

சானிடைசர் மட்டும் போதுமா?

கையில அழுக்கோ பிசுபிசுப்போ இல்லன்னா தாராளமா போதும். 60 சதவீதத்துக்கு மேல ஆல்கஹால் இருக்கணும், 20-30 செகண்ட் காயுற வரைக்கும் தேய்க்கணும். ஆனா இல்லத்துல யாருக்காவது வயித்துப்போக்குன்னா சோப்பு, தண்ணிதான். வயித்துப்போக்கு உண்டாக்குற சி. டிஃபிசில்னு ஒரு கிருமி வித்து மாதிரி ஓடு கட்டிக்கும், அத ஆல்கஹால் ஒண்ணும் பண்ணாது, வாந்தி பேதி உண்டாக்குற நோரோவைரஸ்கிட்டயும் அது அவ்வளவா எடுபடாது. சிரங்கு பூச்சியும் சானிடைசருக்கு சாகாது, சந்தேகம் வந்த உடனே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

நல்லாதான் கழுவுறேன், ஆனா சூப்பர்வைசர் பத்தலங்குறாங்க.

வீட்லயே ஒண்ணு செஞ்சு பாருங்க. சமையல் எண்ணெயில மஞ்சத்தூள் குழைச்சு ரெண்டு கையிலயும் தடவிட்டு, கண்ண மூடிக்கிட்டு வழக்கம்போல சோப்பு போட்டு கழுவுங்க. கண்ண திறந்தா உள்ளங்கை பளிச்னு இருக்கும், கட்டை விரல சுத்தியும் நக இடுக்குலயும் மஞ்சள் அப்படியே நிக்கும். விட்ட இடம் அதுதான். மொத்தம் 40-லருந்து 60 செகண்ட் ஆகணும். மோதிரம், வளையல் ட்யூட்டியில வேணாம், நகம் ஒட்ட வெட்டிருங்க.

எங்க இல்லத்துல பைப்ல தண்ணி எப்பவும் வராது, பக்கெட்ல முக்கிதான் கழுவுறோம்.

முக்காதீங்க தயவுசெஞ்சு. முதல் ஆள் கை அழுக்கு பத்தாவது ஆள் கைக்கு போகும். அடியில குழாய் வச்ச டிரம் ஒண்ணு வாங்கி வைக்க சொல்லுங்க, அதுவரைக்கும் ஒருத்தர் மக்ல ஊத்த இன்னொருத்தர் கழுவலாம். ஆணியில தொங்குற பொது துண்டையும் எடுத்துருங்க.

கை வெடிச்சு எரியுது சிஸ்டர்.

வெந்நீர் வேணாம், சாதா தண்ணி போதும். ஒத்தி துடைங்க, ராத்திரி தேங்காய் எண்ணெயோ க்ரீமோ தடவுங்க. சோப்பு போட்ட கையோட மறுபடி சானிடைசர் போடுறத நிறுத்துனாலே பாதி எரிச்சல் குறையும். வெடிப்புல கிருமி தங்கும், சகிச்சுக்கிட்டு இருக்காதீங்க.

ஒரு பாட்டி, "என்ன தொட்டுட்டு உடனே கழுவுறியே, நான் என்ன தீட்டா?"ன்னு அழுதுட்டாங்க. மனசே சரியில்ல.

இத படிச்சிட்டு எனக்கும் கஷ்டமா போச்சும்மா. இனிமே தொடுறதுக்கு முன்னாடி அவங்க கண்ணு பாக்க கைய தேய்ச்சுக்கோங்க, "வெளிய எங்கெங்கயோ தொட்ட கை பாட்டி, உங்களுக்கு எதுவும் ஒட்டிடக் கூடாதுல்ல"ன்னு சொல்லுங்க. தொட்ட பிறகு அவசரமா ஓடாதீங்க, போர்வைய சரி பண்ணி ரெண்டு வார்த்தை பேசிட்டு போய் கழுவுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி பாட்டி கையையும் நீங்களே சோப்பு போட்டு கழுவி விடுங்க, படுத்த படுக்கையா இருக்குறவங்க கைய கழுவி விட யாருக்குமே ஞாபகம் வர்றதில்ல.