நல்ல ஸ்கூல் உள்ள புறநகர் ஏரியாவ எப்படி செலக்ட் பண்றது?

சின்னக் குழந்தையோட புறநகர் பக்கம் குடிபோகணும், எந்த ஏரியான்னு எப்படி முடிவு பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. வீட்டுக்கு முன்னாடி ஸ்கூல பாருங்க, ரிசல்ட் பர்சன்டேஜ மட்டும் நம்பாதீங்க, பிள்ளைங்கள வடிகட்டி சேத்தாலே அந்த நம்பர் ஏறிடும். ஒரு கிளாஸ்ல எத்தன பேரு, டீச்சருங்க வருஷா வருஷம் மாறுறாங்களா, இதான் முக்கியம். ஸ்கூல் விடுற நேரத்துல வாசல் கேட் பக்கத்துல போய் நின்னு, கூட்டிட்டு போக வந்த பெத்தவங்ககிட்ட பேச்சு குடுங்க, நெறைய தெரியவரும். சில இடங்கள்ல அந்த ஸ்கூலுக்குன்னு இருக்குற எல்லைக்குள்ள அட்ரஸ் இருந்தாதான் அட்மிஷன், ஒரு தெரு தள்ளிப்போனாலும் கிடைக்காது, அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே ஸ்கூல்ல கேட்டுடுங்க. டிராவலுக்கு, திங்கக்கிழம காலைல வாசல்லேர்ந்து ஆபீஸ் வரைக்கும் ஒருதடவ போய் பாத்துடுங்க. குழந்தைக்கு காய்ச்சல்னு ஸ்கூல்லேர்ந்து போன் வந்தா யாரு சீக்கிரம் வர முடியும்ங்கறதையும் ரெண்டு பேரும் இப்பவே பேசிக்கோங்க.