விங்சூட் உடம்புக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் பறப்பதில் என்ன மாறும்?

விமானத்திலிருந்து குதித்துப் பறப்பவர்கள் அணியும் விங்சூட்டை வெறும் உடையாக நினைக்காதீர்கள். அதுதான் உங்கள் இறக்கை. கைக்கும் உடம்புக்கும் நடுவிலும், இரு கால்களுக்கு நடுவிலும் இரட்டைத் துணி இருக்கும். திறப்புகள் வழியே காற்று புகுந்து அதை மெத்தைபோல் விறைப்பாக்கும்.

தொளதொளவென்று இருந்தால் துணி படபடக்கும், காற்றின் இழுவை கூடும்; தோளை அசைத்தாலும் இறக்கை தாமதமாகத்தான் பேச்சுக் கேட்கும். இறுக்கமாக இருந்தாலோ கையை முழுசாக விரிக்க முடியாது. அதைவிட ஆபத்து, பாராசூட் கைப்பிடி எட்டாமல் போவது. தரையிலேயே சூட்டைப் போட்டு, கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடியைப் பலமுறை தொட்டுப் பாருங்கள்.

பெரிய இறக்கை மெதுவாக இறங்கும். 1 மீட்டர் இறங்குவதற்குள் 2.5 முதல் 3 மீட்டர் வரை முன்னேறலாம். ஆனால் நிலைகுலைந்து சுழல ஆரம்பித்தால் மீள்வது கடினம். அமெரிக்க பாராசூட் சங்கம் பாராசூட்டுடன் 200 முறை குதித்தவரையே முதல் விங்சூட் பறப்புக்கு அனுமதிக்கிறது. அவரும் சின்ன சூட்டில்தான் தொடங்க வேண்டும்.