ஏப்ரலில் ஸ்பிதியின் காசாவுக்கு மணாலி வழி வேண்டாம்

"அடல் சுரங்கம்தான் வருஷம் முழுக்க இருக்கே, ஏப்ரல்ல மணாலியிலிருந்து காசா போயிடலாமா?" என்று இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதியில் இருக்கும் காசா ஊரைப் பற்றிக் கேட்டிருக்கீங்க. முடியாதுங்க. 2020-ல் திறந்த அந்த 9 கி.மீ. சுரங்கம் ரோத்தாங் கணவாயை மட்டும்தான் தவிர்க்கும். லாஹௌலில் உள்ள கேலாங் ஊருக்குப் போக அது போதும். லாஹௌலும் ஸ்பிதியும் ஒரே மாவட்டம்தான், ஆனால் நடுவே 4,500 மீட்டருக்கு மேல் குன்சும் கணவாய் நிற்கிறது. பனி வெட்டித் திறக்கப் பெரும்பாலும் மே கடைசி, ஜூன் ஆகிவிடும்.

சிம்லா, ராம்பூர், ரெக்காங் பியோ, நாகோ, தாபோ வழியாகப் போங்க. சுமார் 420 கி.மீ. ரெக்காங் பியோ பக்கத்துக் கல்பாவிலும், தாபோவிலும் ஒவ்வோர் இரவு தங்கினால் உடம்பு உயரத்துக்குப் பழகும். நாகோ பக்கத்து மல்லிங் நாலா என்ற ஓடையைக் காலையிலேயே கடந்துடுங்க. வெயில் ஏறினால் பனி இளகி, அது பிடித்துவைத்திருந்த கற்கள் சாலையில் உருளும். பெட்ரோலும் ரொக்கமும் பியோவிலேயே நிரப்பிக்கோங்க.