கேள்வி – பதில்: டக்ஸ்ஃபோர்டில் நின்ற இரட்டை இறக்கை விமானம்

கே: கேம்பிரிட்ஜ் அருகே உள்ள டக்ஸ்ஃபோர்டு விமானத்தளத்துக்குப் பேரனோடு போயிருந்தேன். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை, இரண்டு எஞ்சின், சக்கரங்களுக்கு முழுக்கால்சட்டை மாட்டியது போன்ற உறையுடன் ஒரு விமானம் நின்றது. போர் விமானம் என்கிறான் அவன். பயணிகள் விமானம் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, லெஸ்டர்

ப: நீங்கள் சொன்ன அந்தக் கால்சட்டையே அடையாளத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அது டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் டிராகன் ராபீட். ஏப்ரல் 1934-இல் முதன்முதலாகப் பறந்தது. அதற்கு முன்பு வந்த டிராகனோடு பலர் இதைக் குழப்பிக்கொள்வார்கள். இறக்கையைப் பாருங்கள்: டிராகனுக்கு அடி முதல் நுனி வரை ஒரே அகலம், ராபீடுக்கு நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போய்க் கூர்மையாக முடியும். நான்கு எஞ்சின் இருந்தால் அது இதே நிறுவனத்தின் டி.ஹெச்.86 என்ற வேறு விமானம்.

பயணிகள் விமானம் என்று நீங்கள் சொன்னது சரி. ஆறு முதல் எட்டுப் பேர் வரை ஏற்றிக்கொண்டு மணிக்குச் சுமார் 210 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஒருகாலத்தில் பிரிட்டனின் தீவுகளுக்கெல்லாம் இதுதான் பஸ்; சில்லி தீவுகளுக்கு 1964 வரை இதுவே போய்வந்தது. பேரன் சொன்னதும் பொய்யில்லை. எழுநூறுக்கு மேல் கட்டப்பட்ட இந்த விமானங்களில் பெரும்பகுதி, போர்க்காலத்தில் டொமினி என்ற பெயரில் விமானப்படைக்காகச் செய்யப்பட்டவை. ரேடியோ இயக்குநர்களுக்கும் வழிகாணிகளுக்கும் பயிற்சி தருவதுதான் அவற்றின் முக்கிய வேலை. அவற்றில் நூற்றுக்கணக்கானவற்றைக் கட்டியது, டிராமுக்கும் பஸ்ஸுக்கும் கூடு கட்டிவந்த லஃபரோ நகரத்து பிரஷ் தொழிற்சாலை. உங்கள் ஊருக்குப் பக்கம்தான், பேரனிடம் சொல்லுங்கள். இன்று பறக்கும் ராபீடுகளில் பலவும் போர் முடிந்து பயணிகள் விமானமாக மாறியவையே.

கே: அந்த விமானம் மரமும் துணியும் என்கிறார்களே, நம்பி ஏறலாமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

ப: தாராளமாக ஏறலாம். நான் அலுமினிய விமானங்களைப் பழுது பார்த்தே ஓய்வு பெற்றவன். ஆனாலும் கைவேலை என்று வந்தால் என் மனம் ராபீடின் பக்கம்தான் சாயும். ஒருமுறை அனுமதி கேட்டு அதன் கீழ் இறக்கைமீது கைவைத்துப் பார்த்தேன். துணிக்கு அடியில் விலா எலும்பு போன்ற ஒவ்வொரு மரச்சட்டத்தையும் விரலால் எண்ண முடிந்தது. அதன்மேல் சீரான இடைவெளியில் சின்னச் சின்ன முண்டுகள். துணியை மரத்தோடு சேர்த்துத் தைத்துப் போட்ட முடிச்சுகள் அவை. அந்தத் தையலை மறைத்து, ஓரம் பல்பல்லாக வெட்டிய ஒரு பட்டி. எல்லாவற்றின்மீதும் டோப் என்ற பூச்சு. அது காயக் காயத் துணியை இறுக்கிவிடும்; தட்டினால் விண்ணென்று இருக்கும்.

மரத்துக்குப் பகை ஈரம். அதனால் இறக்கையின் அடிப்புறத்தில், பின்விளிம்பையொட்டித் தண்ணீர் வடியச் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். அவை அடைபடாமல் இருக்கின்றனவா, உள்ளே மரத்தை ஒட்டிய பசை விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது பராமரிப்பவரின் கடமை. அதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் இருப்பதால்தான் இத்தனை வயதிலும் டக்ஸ்ஃபோர்டில் இது பயணிகளை ஏற்றிப் பறந்துவருகிறது. எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் சொட்டியிருந்தால் பயப்படாதீர்கள். சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும் வகை அது, கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். ஏறியதும் தரை மூக்கை நோக்கி மேடாக இருக்கும். வால் தரையில் ஊன்றி நிற்பதுதான் காரணம். துணை விமானி கிடையாது. மூக்கில் தனியாக ஒரே விமானி, சுற்றிலும் கண்ணாடி. அந்த இருக்கைமீது எனக்கு இன்னும் ஆசை தீரவில்லை.

கே: 1932-இல் சென்னைக்குத் தபால் கொண்டுவந்த டாட்டா விமானமும் இதே வகையா?
– ஒரு வாசகர், மதுரை

ப: இல்லை. அப்போது ராபீட் பிறக்கவே இல்லை. அதே நிறுவனத்தின் புஸ் மாத் (Puss Moth) அது. ஒற்றை எஞ்சின், கூரைமேல் ஒரே இறக்கை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்கு ஓட்டிவந்தார். அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அதன் சக்கரக் கால்களை மூடிய தகட்டை விமானி குறுக்காகத் திருப்பினால், காற்று மோதி வேகம் குறையும். பிரேக்குக்கு இப்படி ஒரு வழி கண்டவரின் மூளையை எத்தனை பாராட்டினாலும் தகும்!

1982-இல் 78 வயதில் டாட்டா அந்தப் பயணத்தை மறுபடி செய்துகாட்டியது லெப்பர்டு மாத் என்ற வேறொரு டி ஹாவிலண்ட் விமானத்தில். இரண்டு படங்களையும் ஒரே விமானம் என்று போட்டுவிடுகிறார்கள். லெப்பர்டின் இறக்கை நுனியை நோக்கிக் குறுகும், புஸ் மாத்துக்குக் குறுகாது. அடையாளம் கேட்டுப் படம் அனுப்பும் வாசகர்கள் இறக்கை நுனியும் சக்கரக் காலும் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள்.