ஷெட்டில் கிடக்கும் குதிரை மோவர்: பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்

வாசகர் கேள்வி: "போன வருடம் ஒன்டாரியோவில் லிண்ட்சே பக்கம் ஒரு பழைய பண்ணை வாங்கினோம். பின்னால் உள்ள ஷெட்டில் ஒரு சாமான் கிடக்கிறது. இரண்டு இரும்புச் சக்கரம், ஓட்டை ஓட்டையாக ஒரு இரும்பு இருக்கை, வலது பக்கம் பல் வைத்த நீளச் சட்டம், முன்னால் பாதியில் அறுத்த ஒரு மரம். மாசி-ஹாரிஸ் என்று எழுத்து தெரிகிறது, பக்கத்தில் ஏதோ நம்பரும் இருக்கிறது. வன்னியில் வயல் செய்த அப்பா பார்த்த உடனேயே 'இது புல்லு வெட்டுற சாமான்' என்றார். பக்கத்துப் பண்ணைக்காரர் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார், நண்பர் சேண்ட்பிளாஸ்ட் செய்து சிவப்பு பெயின்ட் அடித்து வாசலில் பூந்தொட்டியோடு வைக்கச் சொல்கிறார். இது எவ்வளவு பழசு, என்ன செய்யலாம்?"

அப்பா சொன்னதுதான் சரி. இது குதிரை இழுக்கும் மோவர். வீட்டு முற்றத்துப் புல் வெட்டுகிற மோவர் இல்லை, குளிர்காலத் தீனிக்காக வயலில் வளரும் புல்லை வெட்டுவது. நம்மாட்கள் இங்கே 'ஹே' என்பதை வைக்கோல் என்று சொல்லிவிடுகிறார்கள். வைக்கோல் என்பது கதிரடித்த பிறகு மிஞ்சுகிற தாள், ஹே பச்சையாக வெட்டிக் காயவைக்கிற புல். இரண்டுக்கும் வேறு வேறு இயந்திரங்கள் இருந்தன, அதனால் பழைய சாமான்களை அடையாளம் காணும்போது இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் ஒரு எச்சரிக்கை. அதை ஷெட்டிலிருந்து வெளியே இழுக்க ஆசைப்படாதீர்கள், இப்போதைக்கு. இதற்கு எஞ்சின் கிடையாது, சக்கரம்தான் எஞ்சின். சக்கரம் முன்னால் உருண்டால் அச்சு சுற்றும், பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் கூட்டி ஒரு சிறு சக்கரத்துக்குக் கொடுக்கும், அதிலிருந்து பிட்மன் என்கிற மரக்கட்டை வழியாகக் கத்தி இடமும் வலமுமாக ஓடும். கியர் விழுந்த நிலையில் நான்கு பேர் தள்ளினால் கத்தி ஓடத்தான் செய்யும், அப்போது ஐந்தாவது ஆளின் விரல் அந்தப் பல்லுக்குள் இருந்தால் போச்சு. முதலில் இருக்கைப் பக்கமுள்ள லீவரையோ கால் மிதியையோ பார்த்து கியரை விலக்குங்கள், முடிந்தால் பிட்மனைக் கழற்றிவிட்டுக் கத்தியைத் தனியாக உருவி எடுத்துவிடுங்கள். பின்னால் தள்ளும்போது சக்கரத்துக்குள் டிக் டிக் என்று சத்தம் கேட்டால் சந்தோஷப்படுங்கள். சைக்கிளின் பின்சக்கரத்தில் மிதிக்காமல் போகும்போது கேட்குமே, அதே வேலைதான், உள்ளே ராட்செட் துருவில் இறுகிப் போகவில்லை என்று அர்த்தம்.

எவ்வளவு பழசு என்பதற்கு வருவோம். அந்த நம்பரை நம்பாதீர்கள். வார்ப்பிரும்புத் துண்டு ஒவ்வொன்றிலும் ஒரு எண் இருக்கும், அது உதிரிபாக எண். உடைந்தால் கடையில் போய் எந்தத் துண்டு என்று சொல்லி வாங்குவதற்காக வார்த்தது. ஒருமுறை ஒருவர் 1887-ஆம் வருட மோவர் என்று சொல்லி விலை பேசிக்கொண்டிருந்தார், கிட்டப்போய்ப் பார்த்தால் டூல் பாக்ஸ் மூடியில் 1887 என்று ஒரு எண். பக்கத்துத் துண்டில் 1888, அதற்கும் பக்கத்தில் 1891. பாவம், மனிதருக்கு அதைச் சொல்லவே மனசு வரவில்லை.

கம்பெனிப் பெயர்தான் முதல் துப்பு. டேனியல் மாசி 1847-இல் ஒன்டாரியோவின் நியூகாஸ்ல் ஊரில் பட்டறை தொடங்கினார், கம்பெனி 1879-இல் டொரன்டோவுக்கு வந்தது. பிரான்ட்ஃபோர்டில் இருந்த ஹாரிஸ் கம்பெனிதான் பெரிய போட்டி. 1891-இல் இரண்டும் ஒன்றாகி மாசி-ஹாரிஸ் ஆனது, 1953-இல் ஃபெர்குசன் என்கிற டிராக்டர் கம்பெனியோடு சேர்ந்தபோது அந்தப் பெயரும் மாறியது. ஆக உங்கள் சாமான் 1891-க்கு முன்னால் செய்ததாக இருக்க முடியாது. (டொரன்டோவில் நம்மவர்கள் கச்சேரி பார்க்கப் போகிற மாசி ஹால் இருக்கிறதே, அதைக் கட்டிக் கொடுத்தது இதே குடும்பத்து ஹார்ட் மாசிதான், 1894-இல். அறுவடை இயந்திரம் விற்ற காசு.) மாசி என்று மட்டுமோ ஹாரிஸ் என்று மட்டுமோ வார்த்திருந்தால் கதை வேறு, அப்படி ஒரு துண்டு கிடைத்தால் உடனே எனக்கு எழுதுங்கள். உங்கள் பகுதி ஷெட்களில் ஸ்மித்ஸ் ஃபால்ஸ் ஊரின் ஃப்ராஸ்ட் அண்ட் வுட், பிரான்ட்ஃபோர்டின் காக்‌ஷட், ஹாமில்டனில் ஆலை வைத்திருந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் பெயர்களும் வரும். கடைசியாகச் சொன்னது 1902-இல் மெக்கார்மிக், டீரிங் உட்பட ஐந்து கம்பெனிகள் சேர்ந்து உருவானது.

1891 முதல் 1953 வரை என்பது பெரிய இடைவெளிதான். அதைக் குறுக்க பல்சக்கரங்களைப் பாருங்கள். திறந்தபடி, மண்ணும் புல்லும் விழுகிற மாதிரி இருந்தால் பழைய பாணி. மூடிய பெட்டிக்குள் எண்ணெயில் மூழ்கி ஓடினால் பெரும்பாலும் 1920களுக்குப் பிந்தியது. இருக்கை, பெயர் எழுத்தெல்லாம் சேர்த்து வார்த்த கனமான வார்ப்பிரும்பா, அழுத்தி வளைத்த மெல்லிய தகடா? தகடு பிற்காலத்தது. அமெரிக்கக் கம்பெனிச் சாமானாக இருந்தால் பேட்டண்ட் தேதிகளை வார்த்திருப்பார்கள். அது செய்த தேதி அல்ல, அதற்கு முன் செய்திருக்க முடியாது என்று மட்டும் சொல்லும். அமெரிக்கப் பேட்டண்ட் செவ்வாய்க்கிழமைதான் வெளியாகும், ஆகவே வார்த்த தேதி வேறு கிழமையில் விழுந்தால் ஒன்று நீங்கள் தப்பாகப் படிக்கிறீர்கள், இல்லையென்றால் அது பிற்கால நகல்.

எழுத்து படிக்க ஒரு வழி: துருவைச் சுரண்டாதீர்கள். இருட்டிய பிறகு டார்ச்சை இரும்போடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பகலில் வெறும் மேடு பள்ளமாகத் தெரிந்தது நிழல் விழுந்து எழுத்தாக எழும்பி வரும், போனிலேயே படம் எடுத்துவிடலாம். அப்படியே கத்தியிலுள்ள முக்கோண அலகுகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 3 அங்குல அகலம், 20 அலகு இருந்தால் 5 அடி மோவர்.

நீங்கள் எழுதியதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த 'பாதியில் அறுத்த மரம்'. அது நம்மூர் வண்டியின் ஏர்க்கால் மாதிரி, இரண்டு குதிரைகளுக்கு நடுவே போகிற நீளமான மரம். உளுத்து முறிந்திருந்தால் முனை நார்நாராக இருக்கும். ரம்பத்தால் நேராக அறுத்திருக்கிறது என்றால் யாரோ ஒருவர், அநேகமாக 1940களில், குதிரையை விற்றுவிட்டு டிராக்டர் வாங்கியிருக்கிறார், ஆனால் புது மோவருக்குக் காசு இல்லை, அதனால் மரத்தைக் குட்டையாக்கி டிராக்டர் பின்னால் மாட்டியிருக்கிறார். அந்தக் காலத்தில் பல பண்ணைகளில் இப்படித்தான் செய்தார்கள். புது மரம் போட்டு 'முழுமை' ஆக்கச் சொல்லி உங்களிடம் ஆலோசனை வரும். போடுவதென்றால் போடுங்கள், ஆனால் அறுத்த துண்டைத் தூக்கி அடுப்பில் வைத்துவிடாதீர்கள், உங்கள் பண்ணையின் வரலாற்றில் எழுத்து இல்லாமல் மிஞ்சியிருக்கிற ஒரு வரி அது.

இதனால்தான் சேண்ட்பிளாஸ்ட் வேண்டாம் என்கிறேன். இருக்கைக்கு அடியில், டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம், வெயில் படாத மூலைகளில் எல்லாம் தொழிற்சாலையில் அடித்த சிவப்பும் மஞ்சளும் இன்னும் இருக்கலாம், மெல்லிய கோடுகளும் அச்செழுத்தும் கூடக் கிடைக்கலாம். மணல் அடித்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் போய்விடும், திரும்ப வராது. போதாததற்கு அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், உலர்வாக உரசினால் அந்தத் தூசி உங்கள் பிள்ளைகள் விளையாடுகிற மண்ணில் வந்து படியும். கடையில் ஈயம் சோதிக்கிற பஞ்சுக்குச்சி கிடைக்கிறது, ஒன்று வாங்கித் தேய்த்துப் பாருங்கள்.

சரி, என்னதான் செய்வது? கோழி எச்சம், எலிக்கூடு, பழைய கிரீஸ் மண்ணோடு சேர்ந்து கட்டிப்போன அழுக்கு, இதையெல்லாம் மரச் சுரண்டியாலும் தூரிகையாலும் எடுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், தண்ணீர் பொருத்துகளுக்குள் புகுந்துவிடும். உதிர்கிற துருவை மட்டும், ஈயம் இல்லை என்று சோதனையில் தெரிந்த இடங்களில், கம்பித் தூரிகையால் எண்ணெய் விட்டுத் தேய்க்கலாம். அப்புறம் இரும்பு முழுக்க லேனோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற மெழுகு) கலந்த துருத்தடுப்பு எண்ணெயோ மெழுகோ மெல்லியதாக ஒரு பூச்சு, வருடத்துக்கு ஒருமுறை. பழுப்பு நிறத்தோடு அப்படியே இருக்கட்டும். பளபளப்பாக இருக்க வேண்டும் என்றால் பொம்மைதான் வாங்க வேண்டும்.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்து பூசுவார்கள், நல்ல வழிதான். ஆனால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். பழைய மரத்தாலான ஷெட்டில் இது விளையாட்டில்லை. துணியைத் தண்ணீரில் முக்கி வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

இறுகிப்போன நட்டுகளுக்குப் பொறுமை தவிர வேறு மருந்து இல்லை. பெனட்ரேட்டிங் ஆயிலை (துருவுக்குள் ஊறி இறங்குகிற மெல்லிய எண்ணெய்) காலையிலும் மாலையிலும் ஒரு வாரம் விடுங்கள், இடையிடையே லேசாகத் தட்டுங்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் கண்ணாடி மாதிரி விரிசல் விடும், சாதாரண வெல்டிங்கில் அதைச் சரியாக ஒட்டவும் முடியாது. டிராக்டரில் கட்டி இழுத்து 'விடுவிப்பது' அதைவிட மோசம், பல்சக்கரத்தின் பல்தான் விடுபடும். சதுர நட்டு, சதுரத் தலை போல்ட் எதையும் மாற்றாதீர்கள், புது அறுகோண நட்டு ஒன்று தெரிந்தாலே பழகிய கண்ணுக்கு உறுத்தும். டூல் பாக்ஸ் மாதிரிச் சின்னத் துண்டுகளுக்கு, பெயின்ட் எதுவும் மிஞ்சாதவற்றுக்கு மட்டும், சோடா உப்பும் பேட்டரி சார்ஜரும் வைத்து மின்பகுப்பில் துரு நீக்கலாம். துண்டு சார்ஜரின் எதிர்முனையில் (நெகட்டிவ்) இருக்க வேண்டும். நேர்முனையில் (பாசிட்டிவ்) பழைய சாதா இரும்புதான் வைக்க வேண்டும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தால் குரோமிய நஞ்சு தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

மூடிய கியர்ப் பெட்டி என்றால் ஐஸ் பிடிப்பதற்குள் ஒரு வேலை இருக்கிறது. அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து பாருங்கள். பெட்டிக்குள் மழைத்தண்ணீர் புகுந்து எண்ணெய்க்கு அடியில் நிற்கும், ஜனவரியில் அது உறைந்து விரிந்து பெட்டியையே பிளந்துவிடும். எண்பது வருடம் வயலில் உழைத்துத் தாக்குப்பிடித்த பெட்டி, ஒரு லிட்டர் தண்ணீரால் உடைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வைக்கிற இடம் ஷெட்டே போதும். சக்கரங்கள் மண்ணில் நிற்கக் கூடாது, தட்டையான கல்லோ பலகையோ கொடுங்கள், மரத்தின் முனையைத் தரையில் படாமல் தூக்கி வையுங்கள். தார்ப்பாயால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே வேர்த்துத் துரு கூடும். வாசலில் பூந்தொட்டியோடு வைப்பது உங்கள் இஷ்டம், ஆனால் இருக்கையை மட்டுமாவது கழற்றி உள்ளே வையுங்கள், பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட்தான்.

காசு? வார்ப்பிரும்பு இருக்கைகளைத் தனியாகச் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பல சமயம் முழு மோவரைவிட இருக்கைக்குத்தான் ஆள் தேடி வருவார்கள், அதனால்தான் நகல்களும் ஏராளம், எழுத்து மழுங்கி மணல் மணலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இருக்கையைப் பிரித்து விற்றுவிட்டு மீதியைப் பழைய இரும்புக்குப் போடுவது எனக்குப் பிடிக்காத வேலை. ஓடுகிற நிலையில் இருந்தால் வேறு வழி உண்டு. வாட்டர்லூ பக்கம் செயின்ட் ஜேக்கப்ஸ், எல்மைரா ஊர்களில் பழைய மரபு மெனோனைட் என்கிற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்கள் இன்னும் குதிரை கட்டி விவசாயம் செய்கிறார்கள், அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் விசாரித்தால் உங்கள் மோவரின் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் சொல்ல ஆள் இருக்கும். ஆவணம் வேண்டுமானால் கெல்ஃப் பல்கலைக்கழக நூலகத்தில் மாசி-ஹாரிஸ் கம்பெனியின் பழைய அச்சு வெளியீடுகள் இருக்கின்றன, நீங்கள் டார்ச் வெளிச்சத்தில் எடுத்த உதிரிபாக எண்கள் அங்கேதான் உதவும்.

இப்போதைக்கு ஒன்று மட்டும் பார்த்து எழுதுங்கள். அறுத்த மர முனையில் போல்ட் ஓட்டை இருக்கிறதா, இரும்புப் பட்டை ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? அப்பாவைக் கூட வைத்துக்கொண்டு பாருங்கள், அவர் கண்ணுக்கு உங்களைவிட முன்னால் தெரியும்.