அக்கா முன்னால் எப்படிச் சொல்வான்?

அன்புள்ள ஐயா,

கொழும்பு நகரத்தில் பாதிப் பேருக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதை வாசித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். என் பெயர் வேண்டாம். கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். தம்பிக்கு 24 வயது, புறக்கோட்டையில் போன் கடையில் வேலை செய்தான். ஒன்றரை வருடமாக ஐஸ் என்கிற போதைப்பொருள். அது ஏறினால் நித்திரை வராது என்று இரவில் சாராயம். இப்போது காலையில் எழும்பியதும் சாராயம் இல்லாவிட்டால் கை நடுங்குகிறது.

அவனைக் கெஞ்சி ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. அவனுக்கு வியாபாரம் பேசுகிற அளவுக்குச் சிங்களம் தெரியும். ஆனால் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு வரமாட்டேன் என்கிறான். ஹட்டனில் மாமா வீட்டில் இரண்டு மாதம் அறையில் பூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று அம்மா சொல்கிறார். பொலிஸில் சொல்லுங்கள் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். பாதிப் பேர் தமிழ் பேசுகிற ஊரில் எனக்கு ஏன் ஒரு ஆள் கிடைக்கவில்லை?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். தம்பியை எங்கேயும் பூட்டி வைக்காதீர்கள். அம்மாவிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கள்.

என் சித்தப்பா ஜிந்துப்பிட்டியில் இருந்தார். துறைமுகத்தில் வேலை. விடிந்ததும் கால் போத்தல் சாராயம் வேண்டும், பிறகு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு கார்த்திகையில் மாலை போட்டார். கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக அவர் வந்து நின்றபோது சித்தி அழுதுவிட்டார். அன்றைக்கே குடி நின்றது. வீடு முழுக்கச் சந்தோஷம். இரண்டாம் நாள் வியர்த்துக் கொட்டியது, சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஓடுகிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். எங்களை அடையாளம் தெரியவில்லை. விரதத்தில் ஏதோ குறை நடந்துவிட்டது, சாமி கோபம் என்று நினைத்து குருசாமியைத் தேடி ஓடினோம். வலிப்பு வந்த பிறகுதான் வைத்தியசாலை ஞாபகம் வந்தது. நேரம் போய்விட்டிருந்தது.

சாமியும் இல்லை, குறையும் இல்லை. தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பில் சாராயம் திடீரென்று நின்றால் மூளை கட்டுக்கு மீறிக் கிளர்ந்துவிடும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். ஆள் குழம்பி, இல்லாததைப் பார்ப்பது இரண்டாம் நாளில் இருந்து நான்காம் நாள் வரைக்கும். இதற்கு வைத்தியசாலையில் மருந்து இருக்கிறது. சில நாட்களுக்குக் குளிசையை ஒரு அளவில் கொடுத்து, மெல்லக் குறைத்துக்கொண்டு வருவார்கள். கூடவே விற்றமின் பி1. அவ்வளவுதான். அந்த அவ்வளவு எங்களுக்குத் தெரிந்திருந்தால் சித்தப்பா இருந்திருப்பார். உங்கள் தம்பிக்குக் காலையில் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இரவோடு இரவாக இந்தப் பதிலை எழுதுகிறேன். ஹட்டனில் பூட்டிய அறைக்குள் அவனுக்கு மூன்றாம் நாள் என்ன ஆகும் என்பதை அம்மாவுக்கு விளக்குங்கள்.

ஐஸ் வேறு மாதிரி. அதை நிறுத்தினால் முதல் சில நாட்கள் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவான், எழும்பினால் பசி. ஆபத்து அதற்குப் பிறகு வருகிற இருட்டு. எதிலும் ஒட்டாத மனசு, செத்துப்போகலாம் என்கிற எண்ணம். அந்த வாரங்களில் தனியாக விடவேண்டாம். ஐஸுக்கென்று நேராகக் கொடுக்கிற மாத்திரை இன்றுவரை இல்லை. பேசிப் பேசித்தான் ஆளை மீட்கவேண்டும். அதனால்தான் நீங்கள் கேட்ட மொழிக் கேள்வி அவ்வளவு முக்கியமாகிறது. கால் முறிந்தவனுக்கு எந்த மொழியிலும் கட்டுப் போடலாம். இதற்கு வைத்தியமே பேச்சு.

இப்போது நான் எழுதிய கணக்குக்கு வருகிறேன். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கொழும்பு மாநகர எல்லைக்குள் இருந்தவர்கள் சுமார் 6 லட்சத்து 42 ஆயிரம் பேர். சிங்களவர் 41 வீதம், இலங்கைத் தமிழர் 29, பெரும்பாலும் தமிழ் பேசுகிற முஸ்லிம்களான சோனகர் 24, மலையகத் தமிழர் 2 வீதத்துக்குச் சற்று மேல். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் பாதிக்கு மேல் என்று நான் எழுதியது இதை வைத்துத்தான். ஆனால் மாநகரத்தை விட்டு மாவட்டம் என்று எடுத்தால் படமே மாறிவிடும். 2012 கணக்கெடுப்பில் கொழும்பு மாவட்டத்தில் 23 லட்சம் பேர், அதில் நான்கில் மூன்று பங்கு சிங்களவர். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ், வாழைத்தோட்டம் எல்லாம் அந்தப் பெரிய எண்ணுக்குள் கரைந்துவிடுகின்றன. ஒரு நிலையத்துக்கு எத்தனை தமிழ் ஆலோசகர் தேவை என்று யாராவது கணக்குப் போட்டால் மாவட்டக் கணக்கைத்தான் எடுக்கிறார்கள் என்பது என் சந்தேகம். வெள்ளவத்தையில் இருந்து முகத்துவாரம் வரைக்கும் தமிழ் கேட்கிறது, தேவையான மேசைக்கு முன்னால் மட்டும் கேட்கவில்லை.

இது சலுகை கேட்கிற விஷயமும் இல்லை. அரச அலுவலரிடம் தமிழில் பேசவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை சொல்கிறது. நாம் கேட்பதில்லை. இப்படியான காரியத்துக்குப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறோம், கிடைத்ததோடு திரும்புகிறோம். வெட்கம் நம் வாயை முதலில் அடைத்துவிடுகிறது.

அன்றைக்குத் தம்பி பேசாததற்குச் சிங்களம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். முதல்முதலில் யார் கொடுத்தான், பணத்துக்கு என்ன செய்தான், வீட்டில் எதை எடுத்து விற்றான் என்பதையெல்லாம் அக்கா முன்னால் எப்படிச் சொல்வான்? நீங்கள் நல்ல மனதோடுதான் பதில் சொன்னீர்கள், அதில் தவறு காணவில்லை. ஆனால் அடுத்த முறை வாசல் வரைக்கும் கூடப் போங்கள், உள்ளே அவன் தனியாகப் போகட்டும்.

எங்கே போவது? தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984இல் இருந்து இருக்கிறது. அவர்களுடைய ஆலோசனை எண் 1927. தங்கிச் சிகிச்சை பெறும் நிலையம் கொழும்புப் பக்கத்தில் தலங்கமவில் இருக்கிறது, கண்டியிலும் காலியிலும் நிட்டம்புவயிலும் உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். சுமித்ரயோ அமைப்பு நடத்துகிற மெல் மெதுர என்கிற போதை மீட்பு ஆலோசனை நிலையம் கொழும்பிலேயே இருக்கிறது, பணம் வாங்குவதில்லை, விஷயம் வெளியே போகாது. போன் எடுத்ததும் உங்கள் கதையை ஆரம்பிக்காதீர்கள். "தமிழில் பேசுகிற ஆலோசகர் எந்த நாளில், எந்த நேரத்தில் இருப்பார்?" இதுதான் முதல் கேள்வி. நாளைக் குறித்துக்கொண்டு அந்த நாளில் போங்கள்.

ஆனால் தம்பியைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சாராயம் நிற்கிறது. கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய், தினமும் குடிக்கிறான், காலையில் நடுங்குகிறது, நிறுத்த வேண்டும் என்று சொல்லுங்கள். எவ்வளவு குடிக்கிறான், கடைசியாக எப்போது குடித்தான் என்பதை ஒரு துண்டில் எழுதி வைத்திருங்கள். ஐஸையும் மறைக்காதீர்கள். அதுவரை அவன் குடியை ஒரேயடியாக நிறுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு. அம்மாவுக்கு இது கேட்கக் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் சொல்லுங்கள். வலிப்போ குழப்பமோ வந்தால் நாள் பார்க்கவேண்டாம், உடனே 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

பொலிஸ் வேண்டாம். 2022இல் சட்டத்தைத் திருத்தி ஐஸுக்கும் கடுமையான தண்டனை கொண்டுவந்துவிட்டார்கள். 2023 டிசம்பரில் பொலிஸ் தொடங்கிய 'யுக்திய' என்கிற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்ததை நம் பகுதிகளில் எல்லோரும் பார்த்தோம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதவான் உத்தரவால் ஒருவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பலாம். அப்படி அனுப்பப்பட்டவர்கள் இருந்த கந்தக்காடு முகாமில், 2022இல் ஒருவர் இறந்ததை அடுத்து நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். உங்கள் தம்பி ஒரு முறை கெஞ்சினதுக்கே கூட வந்தவன். அப்படிப்பட்டவனைச் சிறைக்குத் தள்ள ஒரு நியாயமும் இல்லை.

அவன் மறுபடி விழலாம். ஒரு தடவை இல்லை, இரண்டு மூன்று தடவை நடக்கலாம். அன்றைக்கு வீட்டில் சத்தம் போட்டு வெளியே தள்ளாமல், அதே ஆலோசகரிடம் அதே வாரத்தில் திரும்பக் கூட்டிப்போங்கள்.

தமிழ் ஆலோசகர் கிடைக்கத் தாமதமானால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், தம்பிக்கு நான் யாரோ ஒருவன். அவன் சரி என்றால் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கிறேன், கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வருவேன். திங்கட்கிழமை காலை எனக்கு வேலை இல்லை. ஆமர் வீதிச் சந்தியில் எட்டு மணிக்கு நிற்கிறேன்.

அன்புடன்.